குறுக்குக் கம்பி

கொழும்பு
2-1-1957

தங்கச்சி குழல்வாய்மொழிக்கு அண்ணன் சிவசைலம் எழுதுவது. இங்கே நானும் உன் மதினி பேராச்சியும் மகள் நாச்சியாரும் குற்றாலநாதர் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். உன் சுகமும் உன் மகன், என் மருமகன் பால்வண்ணநாதன் சுகமும் தெரியக் காத்திருக்கிறோம்.

நாச்சியாருக்கு இடம் முடிவாகிவிட்டது. தென்காசி வக்கீல் வல்லிநாயகம் வீட்டு மூத்த பையன். ஆவணியில் கல்யாணம். பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். உன் மனதில் என்ன ஓடும் என்று தெரியாதவன் இல்லை நான். பிள்ளைகள் விஷயத்தில் நாம் நினைப்பது ஒன்று, அமைவது ஒன்று. மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதே.

கல்யாணம் குற்றாலத்தில் நம் வீட்டில்தான். சம்பந்தி வீட்டார் ஏற்கெனவே சீசனுக்கு வந்தபோது வீட்டை வெளியிலிருந்து பார்த்துப் பிரியப்பட்டிருக்கிறார்கள். ஆனால் முகப்பு மழையில் கறுத்துக் கிடக்கிறது. இங்கே கறுவாத்தோட்டத்தில் ஒரு துரை வீட்டைப் பார்த்தேன். வளைவான வாசலுக்கும் வளைவு ஜன்னல்களுக்கும் வெளிப்பக்கம் சுற்றிவரத் தேக்குச் சட்டம் அடித்து வார்னிஷ் பூசியிருக்கிறார்கள். கண்ணை எடுக்க முடியவில்லை. அதைப் போலவே நம் வீட்டுக்கும் செய்ய வேண்டும். செங்கோட்டையில் நல்ல தேக்கு கிடைக்கும். வடகரை ஏசுவடியான் ஆசாரியைக் கூப்பிட்டுப் பேசு. நான் வந்து மேற்பார்க்கலாம் என்றால் திரும்பி வர விசா கொடுப்பார்களோ மாட்டார்களோ என்ற பயம். கல்யாணத்துக்கு ஒருமுறைதான் வர முடியும். உன்னை நம்பித்தான் இருக்கிறேன்.

சிவசைலம்

*

குற்றாலம்
6-2-1957

அண்ணனுக்குக் குழல்வாய்மொழி எழுதுகிறேன். நல்ல சேதிக்குச் சந்தோஷம். மதினியிடமும் சொல்லுங்கள்.

ஒரே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்லமாட்டேன். பால்வண்ணன் அரைஞாண் கட்டித் திரிந்த நாளிலிருந்து "என் மாப்பிள்ளை, என் மாப்பிள்ளை" என்று தூக்கிக் கொஞ்சியவர் நீங்கள்தான். இலஞ்சிப் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டருக்குக் கொழும்புக் கடை முதலாளி பெண் கொடுப்பாரா என்று ஊர் கேட்டபோது, "அவ அவனுக்கு முறை, கொடுக்காம என்ன செய்வாரு" என்று ஊரோடு மல்லுக்கு நின்றவள் நான். இப்போது என் மூஞ்சியை எங்கே கொண்டு வைப்பது? அவன் கடிதத்தைப் படித்துவிட்டு, "மாமா கேட்டபடி வேலையை ஆரம்பிச்சிருவோம்மா" என்றான். அவ்வளவுதான். எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

வேலை நடக்கிறது. சட்டத்தை வளைக்க முடியாது என்றும் பலகையிலிருந்து வளைவாகவே அறுத்து எடுத்துத் துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும் என்றும் ஏசுவடியான் சொன்னார். அதற்கு மாதிரி வேண்டும் இல்லையா? பால்வண்ணன்தான் ஒவ்வொரு வளைவிலும் மெல்லிய பலகையை வைத்துக் கோடு இழுத்து மாதிரி வெட்டிக் கொடுத்தான். வளைவுக்குள் வைத்தால் நடுவே ஒரு தாள்கூட நுழையவில்லை. ஜன்னல்கள் முடிந்துவிட்டன. உண்மையிலேயே அழகாக இருக்கின்றன.

வாசலில்தான் ஒரு தடங்கல். வளைவு தொடங்கும் இடத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் குறுக்கே ஒரு இரும்புக் கம்பி போகிறதே, நினைவிருக்கிறதா? அப்பா அதில் கண்ணாடி விளக்கு தொங்கவிடுவார். நாச்சியார் சிறுபிள்ளையாய் இங்கே வந்திருந்தபோது அதில்தான் ஊஞ்சல் கட்டினோம். கம்பியின் இரண்டு முனையும் சட்டம் உட்கார வேண்டிய இடத்தில்தான் சுவருக்குள் போகின்றன. சட்டத்தில் பொந்து போட்டால் அசிங்கமாக இருக்கும் என்கிறார் ஏசுவடியான். என்ன செய்யட்டும்?

குழல்வாய்மொழி

*

கொழும்பு
17-2-1957

தங்கச்சிக்கு, உன் கோபம் நியாயமில்லை என்று நான் சொல்லவில்லை. சொல்லிவிட்டாய் அல்லவா, இனி அதை விட்டுவிடு.

கம்பியை அறுத்து எடுத்துவிடு. விளக்கு மாட்ட அப்பா போட்டது. இப்போது கரண்ட் விளக்கு வந்துவிட்டது. துருப்பிடித்த கம்பியின் கீழே என் மகள் மாலையும் கழுத்துமாக நுழைவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. துரை வீட்டு வாசலில் கம்பியும் கிடையாது, கிம்பியும் கிடையாது. வெறும் வளைவு. அதில்தான் அழகு.

சிவசைலம்

*

குற்றாலம்
11-3-1957

அண்ணனுக்கு, கம்பியை எடுத்தாகிவிட்டது. நீங்கள் சொன்னீர்கள், நானும் சரி என்றேன். எனக்கும் அந்தத் துருவைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருந்தது.

ஆனால் ஒன்று. ஏசுவடியான் ரம்பத்தால் நடுவில் அறுத்துக்கொண்டே வந்தாரா, கடைசி இழை அறுந்ததும் கம்பி டங்கென்று ஒரு சத்தம் போட்டது. அடுப்பங்கரையில் இருந்த நான் கை வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். அறுத்த முனைகள் இரண்டும் ஒன்றை விட்டு ஒன்று விலகி நின்றன. நடுவில் என் சுண்டு விரல் போகும். ரம்பத்தின் தடிமன் எவ்வளவு இருக்கும்? ஏசுவடியான் இரண்டு முனையையும் பிடித்து இழுத்துப் பார்த்தார். சேரவில்லை.

"என்ன ஆசாரி இது?" என்று கேட்டேன்.

"கம்பிக்கும் வயசாயிட்டுல்லா ஆச்சி. இத்தன வருசமா முறுக்கிக்கிட்டு நின்னுச்சு, இப்ப சோம்பல் முறிக்குது" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

சட்டம் அடித்து, வார்னிஷ் பூசியாகிவிட்டது. உங்கள் பேரில் எனக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் பொய் சொல்லமாட்டேன். வாசல் அப்படியொரு அழகு. அருவிக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நாச்சியார் இதன் வழியாக வரும்போது நான் ஆரத்தித் தட்டோடு உள்ளே நிற்பேன். என் வீட்டுக்கு வர வேண்டியவள் என்று அன்றைக்கு நினைக்கமாட்டேன். என் அண்ணன் மகள் என்று மட்டும் நினைப்பேன்.

குழல்வாய்மொழி

*

குற்றாலம்
29-6-1957

அண்ணனுக்கு, இடையில் நீங்கள் அனுப்பிய சேலை வந்தது. நாச்சியார் தேர்ந்தெடுத்ததா? நிறம் நன்றாக இருக்கிறது.

சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. சுவரெல்லாம் ஓதம். இந்தக் கடிதத்தை எழுதலாமா வேண்டாமா என்று உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போனேன். நான் எழுதினால் நீங்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வாசல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கிறது. மழையில் மரம் ஊதும், இடைவெளி இருந்தாலும் அடைந்துபோகும். இது திறந்துகொண்டே போகிறது. காலையில் வாசல் தெளிக்கப் போனால் படியில் சுண்ணாம்புப் பொடி உதிர்ந்து கிடக்கிறது. பெருக்குகிறேன். மறுநாள் மறுபடியும் கிடக்கிறது. வளைவின் உச்சியில் தலைமுடி போல ஒரு கோடு. ஏசுவடியானைக் கூப்பிட்டேன். மக்கு வைத்து அடைத்து, மேலே பெயிண்டும் பூசிவிட்டுப் போனார். அடுத்த வாரம் மக்குக்குப் பக்கத்திலேயே கோடு.

பால்வண்ணன் பரணிலிருந்து அந்த மாதிரிப் பலகைகளை எடுத்தான். ஜன்னல் பலகைகளை வைத்துப் பார்த்தான். தாள்கூட நுழையவில்லை, அன்றைக்குப் போலவே. வாசல் பலகையை வைத்தான். இரண்டு பக்கமும் விரல் நுழைகிறது. பலகை சிறுத்திருந்தால் எல்லாமல்லவா சிறுத்திருக்க வேண்டும்? பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தான். அப்புறம் சொன்னான்: "அம்மா, அந்தக் கம்பி விளக்குக்குப் போட்டது இல்ல. சுவரு ரெண்டையும் அதுதான் பிடிச்சு வச்சிருந்திருக்கு. நாம அறுத்துட்டோம்."

மறுபடி கம்பி போட முடியுமா என்று தென்காசிக் கொல்லர் மசூதைக் கூட்டிவந்து காட்டினோம். சட்டத்தை எல்லாம் பிரித்துச் சுவரை இடித்துத்தான் முனையைப் பிடிக்க முடியும், மழை நிற்காமல் கையை வைக்கமாட்டேன் என்று போய்விட்டார். அதுவரைக்கும் வளைவுக்கு அடியில் மரத்தை நிறுத்தி முட்டுக் கொடுக்கப் பால்வண்ணன் ஏற்பாடு செய்கிறான். அண்ணே, கல்யாணத்தைத் தென்காசியில் ஒரு சத்திரத்தில் வைத்துக்கொள்ளலாம். இதைக் கேட்க எனக்கு வாய் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

குழல்வாய்மொழி

*

கொழும்பு
12-7-1957

குழல்வாய்மொழிக்கு, உன் கடிதம் வந்த அதே தபாலில் சம்பந்தி வல்லிநாயகம் கடிதமும் வந்தது. அவர் வீட்டுப் பெண்கள் வீட்டைப் பார்க்க வந்தார்களாம். கல்யாண வாசலில் மாட்டுத் தொழுவத்துக்குக் கொடுப்பது போல முட்டுக் கொடுத்திருக்கிறதாம். "உங்கள் தங்கைக்கு இந்தச் சம்பந்தத்தில் மனக்குறை ஏதும் உண்டா?" என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். நான் என்ன பதில் எழுதட்டும்? நீயே சொல்.

ஐந்து மாதமாக எல்லாம் சரியாக இருந்தது. பத்திரிகை கைக்கு வந்த மாதத்தில் சுவர் விலகுகிறது, வளைவு விரிகிறது, கல்யாணத்தைச் சத்திரத்துக்கு மாற்று. அப்பா கட்டிய வீடு. எத்தனை சாரலைப் பார்த்த வீடு. ஒரு விளக்குக் கம்பியை எடுத்ததற்கா விழுந்துவிடும்? பலகையைத் தப்பாக வெட்டியவன் சுவரைக் குற்றம் சொல்கிறான். அவன் மனசும் எனக்குத் தெரியும், உன் மனசும் தெரியும். நாச்சியார் அந்த வாசலில் வேறொருவன் கையைப் பிடித்து நுழைவதைப் பார்க்க உங்கள் இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை. அதை நேராகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

முட்டு மரத்தை இன்றைக்கே எடுத்துவிட வேண்டும். வெடிப்பு இருந்தால் ஏசுவடியான் பூசட்டும்.

சிவசைலம்

*

குற்றாலம்
2-8-1957

அண்ணனுக்கு, முட்டு மரத்தை எடுத்தாகிவிட்டது. நாங்களாக எடுக்கவில்லை. சம்பந்தி வீட்டு ஆட்கள் வந்து, நீங்கள் அவர்களுக்கு எழுதிய கடிதத்தைக் காட்டி எடுத்தார்கள். சுவர் முழுக்க வெள்ளையடித்துச் சட்டத்துக்கு மறுபடி வார்னிஷ் பூசிவிட்டார்கள். இப்போது பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நானும் பால்வண்ணனும் கிணற்றடிக் கதவு வழியாகத்தான் போய்வருகிறோம். முன்வாசலில் பால்காரியைக்கூட நிற்க விடுவதில்லை. என் மனசில் நீங்கள் எழுதினபடி குறை இருந்தது நிஜம்தான். இல்லை என்று எந்தச் சாமி முன்னாலும் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் குறை வேறு, இந்தப் பயம் வேறு. இரண்டையும் பிரித்துக் காட்ட எனக்குப் படிப்புப் போதவில்லை. நாச்சியார் தலையில் ஒரு காரை விழுந்தாலும் நான் அப்புறம் உயிரோடு இருக்கமாட்டேன்.

ஊரில் யாரிடம் சொன்னாலும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்களே தவிர வளைவைப் பார்க்கமாட்டேன் என்கிறார்கள். "பொண்ணு கிடைக்கலன்னு அத்தைக்காரி கரிச்சுக் கொட்டுதா" என்று எதிர்வீட்டு ஆவுடையம்மாள் என் காதுபடவே சொல்கிறாள். அதற்குமேல் யாரிடம் போக?

நேற்று பால்வண்ணன் ஒரு யோசனை சொன்னான். வெளிப் பந்தலில் தாலி கட்டி முடித்துப் பெண்ணும் மாப்பிள்ளையும் பால்பழம் சாப்பிட வீட்டுக்குள் நுழையும்போது, அத்தை மகன் வாசலை மறிப்பது நம் வீட்டு வழக்கம்தானே? முறைக்காரன் மறித்தால் யாரும் கோபப்பட முடியாது. அவன் மறிப்பான். "கிணற்றடி வழியாப் போங்க" என்று சொல்வான். எல்லோரும் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிடுவார்கள். யாருக்கும் அவமானம் இல்லை. நீங்கள் முன்னால் நடந்து அந்தப் பக்கம் கூட்டிப்போனால் போதும். வேறு ஒன்றும் கேட்கவில்லை. வளைவுக்கு அடியில் நிற்காதே, வெளியே படியில் நின்று மறி என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

குழல்வாய்மொழி

*

கொழும்பு
13-8-1957

அன்புத் தங்கச்சிக்கு, உன் கடிதத்தைப் பேராச்சியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை மாதத்தில் இன்றைக்குத்தான் என் மனசு குளிர்ந்தது.

பால்வண்ணன் வாசல் மறிக்கட்டும். கண்டிப்பாக மறிக்க வேண்டும். முறைக்காரன் மறித்து, மரியாதையை வாங்கிக்கொண்டு வழிவிட்டால் மனத்தாங்கல் தீர்ந்தது என்றுதானே பொருள்? அதை அவனே கேட்கிறான் என்றால் அவனை விடப் பெரிய மனசு யாருக்கு வரும்? அவனுக்கென்று நல்ல மோதிரம் ஒன்று வாங்கிவிட்டேன். பச்சைக்கல். சபையில் என் கையாலேயே போட்டுவிடுவேன். நாச்சியாரிடமும் சொல்லிவிட்டேன். "அத்தான் மறிச்சா நான் சிரிச்சிருவேன்ப்பா" என்கிறாள்.

வளைவு, கிணற்றடி என்று நீ எழுதியிருப்பதை எல்லாம் கல்யாணம் முடிந்ததும் நேரில் பேசிக்கொள்ளலாம். கல்யாண வேலையில் உனக்கும் அசதி. நாளை மறுநாள் கப்பல் ஏறுகிறோம்.

சிவசைலம்

*

கொழும்பு
27-9-1957

குழலி, இது மூன்றாவது கடிதம். இரண்டுக்கும் நீ பதில் போடவில்லை. போடுவாய் என்று எதிர்பார்த்தும் எழுதவில்லை.

பால்வண்ணனுக்குப் பத்தாம் நாள் காரியம் முடிவதற்குள் விசாக் கெடு வந்துவிட்டது. உன்னை அப்படியே விட்டுவிட்டுக் கப்பல் ஏறினேன். நாச்சியார் தென்காசியிலிருந்து எழுதியிருக்கிறாள். உன்னைப் பார்க்க வந்தாளாம், நீ அவளுக்குச் சோறு போட்டுவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாயாம்.

வளைவு விழுந்த இடத்தை எடுத்துக் கட்ட ஆள் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நீ கிணற்றடி வழியாகவே போய்வருவதாக நாச்சியார் எழுதியிருக்கிறாள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றாவது ஒரு வரி எழுது.

சிவசைலம்

*

குற்றாலம்
14-10-1957

அண்ணனுக்கு, ஆள் அனுப்ப வேண்டாம். அந்தப் பக்கம் அப்படியே கிடக்கட்டும். ஏசுவடியான் வந்தார். விழுந்ததில் அந்தத் தேக்குச் சட்டம் மட்டும் ஒரு பாதி உடையாமல் கிடந்தது. சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, ரொம்ப நேரம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் அவரை ஒன்றும் சொல்லவில்லை. அறுக்கச் சொன்னது நாம் இரண்டு பேரும்தான்.

உங்களைத் திட்டி எழுத வேண்டும் என்று பல தடவை பேனாவை எடுத்தேன். திட்டு வரவில்லை. கேட்க ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஆரத்தித் தட்டோடு உள்ளே நின்றேன். அவன் நான் சொன்னபடி வெளியே படியில்தான் நின்றான், உங்கள் பக்கம் பார்த்து. எனக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. புதுச் சட்டை. நாதசுரமும் மேளமும் வாசலுக்குப் பக்கத்திலேயே கொட்டி முழக்கியதில் அவன் பேசியது எனக்குக் கேட்கவில்லை. எல்லோரும் சிரித்தது மட்டும் கேட்டது. நீங்கள் மோதிரத்தைப் போட்டீர்கள். அவன் தோளைத் தட்டி ஓரமாக ஒதுக்கிவிட்டு நீங்கள் முதலில் உள்ளே காலை வைத்தீர்கள். மேலேயிருந்து பொடி கொட்டியது. அவன் பாய்ந்து உள்ளே வந்து உங்கள் நெஞ்சில் கை வைத்து வெளியே தள்ளினான். அப்போதும் எனக்கு முதுகுதான். அப்புறம் ஒரே புழுதி. புழுதி அடங்கியபோது முகம் பார்க்கிற மாதிரி இல்லை. என்னைப் பார்க்க விடவும் இல்லை.

பெற்றவள் நான். கடைசியாக அவன் முகத்தைப் பார்த்தது நீங்கள். எப்படி இருந்தது? பயந்திருந்தானா? என்ன சொன்னான்? மறைக்காமல் எழுதுங்கள்.

குழல்வாய்மொழி

*

கொழும்பு
25-10-1957

குழலி, நீ கேட்டதை மறைக்காமல் எழுதுகிறேன். இதுவரை பேராச்சியிடம்கூட நான் சொல்லவில்லை.

அவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு படியில் நின்றான். "மோதிரம் எதுக்கு மாமா, நீங்களே வச்சுக்கிடுங்க. எல்லாரையும் கிணத்தடி வழியாக் கூட்டிட்டுப் போங்க" என்றான். நான் விடவில்லை. விரலைப் பிடித்துப் போட்டுவிட்டேன். சம்பந்தி வீட்டார் கை தட்டினார்கள். அவன் என் காதருகே குனிந்தான். "மாமா, ஒங்க காலப் பிடிச்சுக் கேக்கேன், இங்கன வேண்டாம்" என்றான். நாச்சியார் அவனைப் பார்த்தாள். அவளுக்கு என்ன தோன்றியதோ, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து அப்படியே நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை.

என்னைத் தள்ளியபோது அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. கீழே விழுந்துகொண்டிருந்தேன். நான் கடைசியாகப் பார்த்தது அவன் காதருகிலிருந்து நிமிர்ந்தபோதுதான். பயம் இல்லை குழலி. சபையில் என் தலை குனியக் கூடாது, நாச்சியார் பயந்துவிடக் கூடாது என்று, முறைக்காரன் எப்படி நிற்பானோ அப்படியே சிரித்துக்கொண்டு நின்றான். அவன் சிரித்ததால்தான் நான் நம்பவில்லை.

சிவசைலம்